மூக்கக்காவின் இடப்பக்கமும் வலப்பக்கமும்

வாய்மைக்கு மாளிகையும் மேடையும் வேண்டும் என்று எண்ணுவோர் உண்டு. நாள்தோறும் காலை ஒன்பதரை மணிக்கு அது ஒரு மருந்துக் கடையில், வாசலிலிருந்து மூன்றாவதாக நிற்கும் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால், கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் பெட்டியின்மேல் ஏறி நின்று, எதிரில் இருப்பவரின் முகவாயை இரு விரலால் பற்றி விளக்கின் பக்கம் திருப்புகிறது. இன்று அகப்பட்டவர் ஒரு பள்ளி ஆசிரியை.

“ஆடாதீங்க டீச்சர். ம்ம்… இது அழுக்கு இல்ல.”

“கறுப்பா இருக்கே?”

“கறுப்பா இருந்தா அழுக்கா? உங்க முடியும் கறுப்புதான். தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்துருவீங்களா?”

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. முகவாய் பிடியில் இருந்தபடியால் சிரிக்க முடியவில்லை.

“உள்ளேருந்து வர்ற எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்து ஓட்டை வாயில அடைச்சுக்குது. காத்துப் பட்டதும் கறுத்துப்போகுது. அவ்ளோதான் கதை. அதுக்குப் போயி நார் போட்டுத் தேய்ச்சிருக்கீங்க. தேயுறது புள்ளி இல்ல, உங்க மூக்கு.”

“அந்த மேல் தட்டுல இருக்கே, கண்ணாடி ஜாடி… அதைப் போட்டா ஓட்டையெல்லாம் மூடிக்குமாமே?”

“மூடுறதுக்கு அதுல கதவா வச்சிருக்கு? சுத்தமா வச்சுக்கிட்டா சின்னதாத் தெரியும். தெரியும்னுதான் சொல்றேன் டீச்சர், ஆகும்னு சொல்லல.”

இவ்வாறு உரைத்தபடியே அவர் குனிந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து, பகட்டான பெட்டியும் படமும் இல்லாத வெள்ளைப் புட்டி ஒன்றை எடுத்து வைத்தார். சாலிசிலிக் அமிலம் கலந்த எளிய லோஷன். மேல்தட்டு ஜாடி ஒன்றின் விலைக்கு அதில் எட்டு வாங்கலாம்.

“வாரத்துக்கு ரெண்டு நாள், ராத்திரி மட்டும். பட்டாணி அளவு. எரிஞ்சா நிறுத்திடுங்க. மேல சாதாரண மாய்ஸ்சரைசர் ஒண்ணு. காலையில சன்ஸ்கிரீன். அது போடாம வெயில்ல போயிட்டு வந்து என்னைத் திட்டாதீங்க. ரெண்டு மாசம் கழிச்சு வந்து மூக்கைக் காட்டுங்க.”

ஜாடி வாங்க வந்தவர் புட்டியோடு போனார். கல்லாப்பெட்டியின் பின்னால் அமர்ந்திருந்த முதலாளி, இருமல் மருந்து விளம்பரத்தில் வருபவரைப் போல ஒரு நெடுமூச்சு விட்டார்.

பெட்டிமேல் நிற்பவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று சம்பளப் பதிவேட்டில் உறங்குகிறது. அதனை எழுப்பியவர் எவருமில்லை. கடைக்கு வருவோர்க்கு அவர் மூக்கக்கா. வயது நாற்பத்து நான்கு; உயரம் அலமாரியின் மேல்விளிம்புக்கு ஒரு சாண் குறைவு; அதனால்தான் காலடியில் அந்தப் பெட்டி. அவருக்கு வாய்த்த மூக்கும் சாதாரணமானதன்று. அகன்று, இருபுறமும் படர்ந்து, நண்பகலில் எண்ணெய் மினுங்க, துளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும்படி அமைந்த பெருமூக்கு. அதனை அவர் ஒருநாளும் மாவுபூசி மறைத்ததில்லை. “கடைப் பலகையை யாராச்சும் துணி போட்டு மூடுவாங்களா?” என்பார்.

வெள்ளை அங்கியின் மேற்பையில் ஒரு சிறு உருப்பெருக்கி. கைக்கடிகாரம் பழுதுபார்ப்போர் ஒற்றைக் கண்ணில் செருகிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. அதனை இடுக்கிக்கொண்டு அவர் குனியும்போது, எதிரில் இருப்பவர் தம் உடம்பில் எங்கோ பல்சக்கரம் ஓடுகிறதோ என்று ஐயுற்று மூச்சை அடக்கிக்கொள்வார். “மூச்சு விடுங்க. கண்ணாடியில ஆவி பிடிச்சாத் துடைச்சுக்கிறேன். நீங்க மயங்கி விழுந்தா உங்களை யாரு துடைக்கிறது?”

பெயர்கள் அவர் நினைவில் தங்குவதில்லை, மூக்குகள் தங்கும். எட்டாண்டுகளாக அடுத்த வீட்டில் குடியிருக்கும் மனிதர் ஒருநாள் சளி பிடித்து முகக்கவசம் அணிந்து வந்தார். “என்னம்மா, நல்லா இருக்கீங்களா? வீட்டுக்காரருக்குக் கால் தேவலையா?” என்று அன்போடு வினவினார். மூக்கக்காவோ முன்பின் அறியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்து, “உங்களுக்கு என்ன வேணும் சார்?” என்றார். அவர் மனம் நொந்து கவசத்தைக் கீழே இழுத்ததும், “அட, நீங்களா! இதை முதல்லயே காட்டக்கூடாதா?” என்று பெட்டியிலிருந்து இறங்கி வந்து நலம் விசாரித்தார்.

அவருடைய தொழில்முறை ஒன்று உண்டு. அதனை வேறெந்தக் கடையிலும் காண இயலாது. கடைக்குப் புதிதாக எது வந்தாலும், களிம்போ, கழுவும் திரவமோ, களிமண் பூச்சோ, ஒட்டி உரித்தெடுக்கும் பட்டையோ, அதனைத் தம் மூக்கில் ஒரு திங்கள் இட்டுப் பார்க்காமல் விற்க மாட்டார். அதுவும் இடப்பக்கத்தில் மட்டும். வலப்பக்கம் என்றென்றும் அந்த வெள்ளைப் புட்டிக்கே உரியது. மூக்குத்தண்டின் நடுவே, வயல்களுக்கு இடையே வரப்பு ஓடுவதுபோல், கண்ணுக்குத் தெரியாத எல்லை ஒன்று ஓடுகிறது. பதினோராண்டுகளில் ஒரு துளியும் அதனைத் தாண்டியதில்லை. “ரெண்டு பக்கமும் ஒண்ணையே போட்டா, நல்லது எதுனால ஆச்சு, கெட்டது எதுனால ஆச்சுன்னு எப்படித் தெரியும்?” என்பது அவர் வாதம். இம்முறையால் அவர் இடப்பக்கம் பட்ட பாடு கொஞ்சமன்று. புதினா கலந்த களிம்பு ஒன்றினால் ஒருமுறை அது மட்டும் செக்கச்சிவந்து, பாதி வெட்கப்பட்டவர் போல அவர் பத்து நாள் நடமாடினார். அக்களிம்பு அலமாரி ஏறவில்லை.

ஊருக்கு உரைப்பவரின் சொல் வீட்டில் ஏறாது என்பதற்கு அவர் வீடு விலக்கன்று. கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மாலையில் கிரீஸ் அப்பிய முகத்தோடு வந்து, நேரே சமையலறைத் தொட்டிக்குச் சென்று, பாத்திரம் கழுவும் சோப்பை முகத்தில் தேய்த்துக்கொள்வார். “குக்கர்ல இருக்குற எண்ணெயே போகுது. என் மூஞ்சி என்ன குக்கரை விடப் பெருசா?” என்பது அவர் தரப்பு. நாத்தனார் செவிலியர் படிப்பு படிப்பவள். கைகழுவும் முறையை மணிக்கணக்கில் ஒப்பிப்பாள். ஒப்பித்து முடித்ததும் குளியலறைக் கண்ணாடி முன் நின்று கொண்டை ஊசியால் மூக்கைக் குடைவாள்.

“ஏண்டி, ஆஸ்பத்திரியில இப்படித்தான் ஊசி போடச் சொல்லித் தர்றாங்களா?”

“ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி. எடுத்தா நிம்மதியா இருக்கும்.”

“நீ எடுத்த இடத்துல நாளைக்கு ஒண்ணு வரும். குடைஞ்ச வடு மட்டும் போகாது. உன் நிம்மதி அரை நாள், வடு ஆயுசுக்கும்.”

ஊசி உடனே கொண்டைக்குத் திரும்பும். அண்ணி அடுப்பைப் பார்க்கத் திரும்பியதும் ஊசியும் திரும்பும்.

இவ்வாறு ஒழுங்காகச் சென்றுகொண்டிருந்த மூக்கக்காவின் வாழ்வில், தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஒரு பெருங்கடை திறந்தது. அங்கே தரை முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. குளிரூட்டிய காற்று நடைபாதை வரை வந்து ஆளை அழைத்தது. முதலாளி தம் கல்லாவின் பின்னாலிருந்து நாள் முழுதும் அந்த வாசலையே பார்த்தார். யார் உள்ளே போகிறார், எத்தனை பையோடு வெளியே வருகிறார் என்பதன்றி அவருக்கு வேறு சிந்தனை இல்லாமற்போயிற்று. அவ்வேளையில்தான் ஓர் அழகுப்பொருள் நிறுவனத்தின் பிரதிநிதி, கழுத்தில் டையும் கையில் தங்கமூடிப் புட்டியுமாக வந்து சேர்ந்தார்.

அவர் கூறியது இது. புட்டியில் இருப்பது புதிய சீரம். நான்கு வாரம் இட்டால் துளைகள் மறையும். கடைப் பணியாளர் ஒருவர் அதனை இட்டு, குறித்த நாளில் வாடிக்கையாளர் முன்னிலையில், கேமரா வைத்துப் பெரிய திரையில் தம் மூக்கைக் காட்டி, இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கூட்டம் மகிழ்ந்து வாங்கினால், நிறுவனம் தன் செலவில் வாசலருகே விளக்குப் போட்ட அலமாரி ஒன்றை அமைத்து, அந்த இடத்துக்கு மாதந்தோறும் வாடகையும் கொடுக்கும்.

“உன் மூக்கை விட்டா இந்த ஊர்ல எந்த மூக்கும்மா?” என்றார் முதலாளி. சொல்லிவிட்டு, பார்வையைத் தரைக்குத் தாழ்த்தினார். “இது அமையலைன்னா நான் அந்த மூணாவது அலமாரியை எடுத்துட்டுக் குழந்தைங்க டயப்பர் அடுக்கிடுவேன். வேற வழி இல்ல. நீ பின்னாடி ஸ்டாக் ரூமைப் பார்த்துக்கோ. வேலைக்கு ஒண்ணும் ஆகாது.”

வேலைக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் சரக்கறையில் தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டிகள். அட்டைப்பெட்டிகளுக்கு மூக்கு கிடையாது. நாள் முழுதும் ஒரு முகத்தையும் தொடாமல், ஒருவரையும் அதட்டாமல் இருப்பதை மூக்கக்கா எண்ணிப் பார்த்தார். அன்றியும் முதலாளிக்கு அவர் கடமைப்பட்டவர். கணவர் லிஃப்ட் குழியில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்ட மூன்று மாதமும், மாலை நான்கு மணியானதும், “நீ கிளம்பும்மா” என்று சொன்னவர் அவர். சொன்னதோடு நில்லாமல், தாமே அந்தப் பெட்டிமேல் ஏறி நின்று, வருவோரிடமெல்லாம், “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அக்கா நாளைக்குக் காலையில வருவாங்க” என்று கைகூப்பியவர்.

“சரிங்க முதலாளி” என்றார் மூக்கக்கா.

பிரதிநிதி ஒரு தாளைத் தந்தார். எப்படி இடுவது என்ற விவரம் அதில் அச்சிட்டிருந்தது. எல்லாப் புட்டிகளின் பொடியெழுத்தையும் கண்ணில் உருப்பெருக்கி செருகிப் படிப்பவர், அந்த ஒரு தாளை மட்டும் படிக்கவில்லை. மூக்கில் மருந்து இடுவது எப்படி என்று தமக்கே ஒருவர் எழுதிக் கொடுப்பதா என்ற சிறு செருக்கு. மடித்து அங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, அன்றிரவு முதல், பழகிய கை பழகிய வழியே சென்றது.

சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தைதான் பெரும்பாடாயிற்று. “நாலே வாரத்துல என் மூக்குல இருந்த துளையெல்லாம் மறைஞ்சுபோச்சு.” இவ்வளவே. ஆயினும் பொய்யுரைக்க வாயெடுத்தால் அவருக்கு மூக்கு அரிக்கும். பிறவியிலேயே அமைந்த குறை. இதனால் பள்ளிப் பருவத்தில் அவர் ஒருமுறைகூட வயிற்றுவலி என்று விடுப்பு எடுத்ததில்லை. வீட்டில் ஒத்திகை நடந்தது. நாத்தனார் கூட்டமானாள், கணவர் திரையானார்.

“நாலே வாரத்துல…” விரல் மூக்குக்குப் போயிற்று.

“சொறியாமச் சொல்லுங்க அண்ணி.”

“நாலே வாரத்துல என் மூக்குல இருந்த…”

“லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவ மாதிரி முழிக்கிற. கொஞ்சம் சிரிச்ச முகமா சொல்லு” என்றார் கணவர்.

“நீங்க முதல்ல அந்தச் சோப்பை விடுங்க. பெரிசா எனக்குச் சொல்ல வந்துட்டாரு.”

குறித்த நாள் வந்தது. காலையில் அங்கியை மாற்றும்போது பழைய பையிலிருந்து அந்தத் தாள் விழுந்தது. எடுத்து விரித்தார். ‘மூக்கு முழுவதும் சீராகத் தடவவும்’ என்றிருந்தது. மூக்கக்கா அதனை இருமுறை படித்தார். பிறகு கண்ணாடியில் தம் மூக்கைப் பார்த்தார். இடப்பக்கம் சீரம், வலப்பக்கம் வெள்ளைப் புட்டி. நாலு வாரமும் எல்லை தவறாமல்.

முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்றுதான் விரைந்து வந்தார். அவரோ புதுச் சட்டை அணிந்து, வந்தவர்க்கெல்லாம் தம் கையாலேயே பழச்சாறு ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு எதிர்க்கடையைப் பாராமல் தம் கடையைப் பார்த்துச் சிரிக்கும் முகம். அந்த முகத்தின் முன் மூக்கக்காவின் சொல் பின்வாங்கியது. சரி, இரண்டு வார்த்தைதானே, அரித்தால் அரிக்கட்டும் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார்.

முப்பது பேர் இருப்பார்கள். பிரதிநிதி பேனா போன்றதொரு கேமராவை மூக்கின் அருகே கொண்டுவந்தார். சுவரில் மாட்டிய திரையில் அது தர்பூசணி அளவுக்கு எழுந்தது. கூட்டம் ‘ஆ’வென்றது. முன்வரிசையில் இருந்த குழந்தையொன்று அஞ்சித் தாயின் தோளில் முகம் புதைத்தது.

“நாலு வாரத்துக்கு முன்னாடி இந்த மூக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்” என்றார் பிரதிநிதி.

“அதை மறக்க முடியுமா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. லாரி ஓட்டுநர், சவர பிளேடு வாங்க வருவதாகச் சொல்லிக்கொண்டு மாதம் இருமுறை மூக்கைக் காட்டிச் செல்பவர். கூட்டம் சிரித்தது.

“இப்ப மேடமே சொல்லுவாங்க.”

மூக்கக்கா வாய் திறந்தார். “நாலே வாரத்துல…”

திரையில் அந்தப் பெருமூக்கின் ஓரங்கள் முயலின் மூக்குப்போலத் துடித்தன. கைகளை மடியில் கட்டிக்கொண்டார். துடிப்பு மிகுந்தது. “என் மூக்குல இருந்த…”

“அக்கா.”

பேசியது ஒரு கல்லூரிப் பெண். மூக்கின்மேல் எதையோ ஒட்டி உரித்ததால் தோல் வழன்று சிவந்திருந்தது. தங்கமூடிப் புட்டியின் பெட்டியை இரு கைகளாலும் மார்போடு அணைத்திருந்தாள்.

“நான் ஹாஸ்டல் சாப்பாட்டுக்குக் கட்ட வேண்டிய காசை எடுத்துட்டு வந்திருக்கேன் அக்கா. இதை வாங்கட்டுமா? நீங்க வாங்குன்னு சொன்னா வாங்கிடுறேன்.”

மூக்கக்கா முதலாளியைப் பார்த்தார். முதலாளி பழச்சாற்றுக் குவளையோடு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது. பதினோராண்டுப் பழக்கத்தால், இனி என்ன நடக்கும் என்பதும் அதில் எழுதியிருந்தது.

“பாப்பா, அதைக் கொஞ்சம் கீழ வை” என்றார் மூக்கக்கா.

மூக்கின் துடிப்பு அக்கணமே நின்றது. திரையைப் பார்த்திருந்தோர் அனைவரும் அதனைக் கண்டனர்.

“தப்பு என்னோடது. தாளைப் படிக்காம விட்டுட்டேன். மூக்கு முழுக்கப் போடணுமாம். நான் பாதிக்குத்தான் இந்தச் சீரம் போட்டேன். மீதிப் பாதிக்கு என் பழைய லோஷன்.”

பிரதிநிதி அசரவில்லை. எத்தனையோ கடை பார்த்தவர். சறுக்கிய இடத்திலேயே கொடி நாட்டத் தெரிந்தவர். “ஐயோ மேடம், இது இன்னும் நல்லதாப் போச்சு! பாதிக்குப் பாதி வித்தியாசத்தை எல்லாரும் நேராவே பாருங்க!” என்று கூவினார். கேமராவை வலமும் இடமுமாக ஓட்டினார். ஒரு நொடி ஆராய்ந்தார். பேனாமுனையால் மூக்கின் வலப்பக்கத்தைத் தொட்டார். “இதோ, இந்தப் பக்கம்! எவ்வளவு க்ளியரா இருக்கு, பார்த்தீங்களா? இதுதான் நம்ம சீரம்!”

“ஆமா, ஆமா” என்று நாலைந்து தலைகள் அசைந்தன. “நல்லாத் தெரியுது” என்றார் ஒருவர்.

“சார்,” என்றார் மூக்கக்கா, மிகத் தாழ்ந்த குரலில், அவர் மனம் புண்படலாகாது என்பதுபோல். “அது பழைய லோஷன் பக்கம்.”

முதலில் சிரித்தவர் லாரி ஓட்டுநர். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்வது எளிது: முதலாளி சிரிக்கவில்லை, பிரதிநிதி சிரிக்கவில்லை, மூக்கக்காவும் சிரிக்கவில்லை.

“சிரிக்காதீங்க. சீரம் நல்ல சரக்குதான். நான் குறை சொல்லல. அந்தப் பக்கம் செஞ்ச வேலையை இதுவும் செஞ்சிருக்கு. கூடுதலா ஒண்ணும் செய்யல, அவ்ளோதான். ரெண்டுல எதைப் போட்டாலும் ஓட்டை அங்கேயேதான் இருக்கும், பாருங்க, திரையில எண்ணிக்கூடப் பார்க்கலாம். காசு இருக்கறவங்க இதை வாங்குங்க, வாசனை நல்லா இருக்கு. பாப்பா, நீ போயி முதல்ல சாப்பாட்டுக்குக் கட்டு. மூக்குல தோல் ஆறுற வரைக்கும் எதையும் போடாத, மாய்ஸ்சரைசர் மட்டும் தடவு. அப்புறமா என்கிட்ட வா.”

“மேடம் முறைப்படி யூஸ் பண்ணல. இந்த டெமோ செல்லாது” என்று பிரதிநிதி கேமராவின் வயரைச் சுருட்டலானார். சுருட்டிய வயர் அவர் டையையும் சேர்த்துச் சுருட்டியது; மூக்கக்காதான் நாற்காலியிலிருந்து எழுந்து சிக்கலை எடுத்துவிட்டார். எடுத்துவிடும்போது அருகில் தெரிந்த அவர் மூக்கையும் ஒரு பார்வை பார்த்தார்; ஆயினும் ஒன்றும் சொல்லவில்லை. நேரமறிந்து வாய் மூடுவதும் வாய்மைக்கு உறவே.

கூட்டம் கலைந்தபின் முதலாளி குவளைகளைத் தாமே கழுவினார். நெடுநேரம் கழுவினார். பிறகு திரும்பாமலே சொன்னார்: “நாளைக்குக் காலையில அந்த அலமாரியைக் காலி பண்ணிடும்மா.”

“சரிங்க முதலாளி.”

“கோபம்னு நினைக்காத.”

“இல்லீங்க.”

வீட்டில் அன்று யாரும் கேலி பேசவில்லை. கணவர், முகம் கழுவும் திரவம் எது என்று கேட்டு வாங்கி முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அது.

மறுநாள் காலை மூக்கக்கா இரண்டு அட்டைப்பெட்டிகளோடு அலமாரி முன் அமர்ந்தார். மேல்தட்டு ஜாடிகளைத் தாளில் சுற்றி அடுக்கினார். களிமண் பூச்சு டப்பாக்களைத் துடைத்து வைத்தார். அடித்தட்டின் வெள்ளைப் புட்டிகளை எடுக்கக் குனிந்தபோது, வாசலில் நிழல் தட்டியது. லாரி ஓட்டுநர், தம்மைப் போலவே பருத்த உதவியாளரையும் அழைத்து வந்திருந்தார்.

“அக்கா, அந்தப் பழைய பக்கம் லோஷன் இருக்குல்ல? இவனுக்கும் ஒண்ணு குடுங்க. நேத்திலேருந்து கண்ணாடியையே பார்த்துக்கிட்டு இருக்கான், வண்டி ஓட்டவே விடமாட்டேங்குறான்.”

“வெளிச்சத்துக்கு வாங்க தம்பி. கூச்சப்படாதீங்க. லாரியில ரேடியேட்டர் அடைச்சா பார்க்குறதில்லையா?”

அவர்களுக்குப் பின் ஆசிரியை வந்தார்; உடன் பணிபுரியும் இருவர். “நேத்து உங்க மூக்கைப் பத்தித்தான் ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பேச்சு” என்றார். பத்தரை மணிக்குக் கல்லூரிப் பெண் தன் விடுதித் தோழியரோடு வந்தாள். “ஃபீஸ் கட்டிட்டேன் அக்கா” என்று கையிலிருந்த ரசீதை உயர்த்திக் காட்டினாள். எதிர்க்கடையின் பளபளத்த தரையிலிருந்து இரண்டு பெண்கள், அக்கடையின் பையோடு, தெருவைக் கடந்து வந்து நின்றனர். மூக்கக்கா ஒரு கையால் பெட்டியில் அடுக்கினார். மறுகையால் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பதினோரு மணிக்குப் பார்த்தால் அடுக்கியது குறைந்தும் கொடுத்தது மிகுந்தும் இருந்தது. சிலர்க்கு அவர் எதையும் கொடுக்கவில்லை. “உங்க மூக்குக்கு ஒண்ணும் இல்ல, கண்ணாடியைத்தான் தூரமா வைக்கணும்” என்று சொல்லி அனுப்பினார். அவர்களும் பல்பசையோ பஞ்சோ வாங்கிக்கொண்டு, மனநிறைவோடு போயினர்.

முதலாளி கல்லாவின் பின்னாலிருந்து இவற்றையெல்லாம் பார்த்திருந்தார். எதிர் வாசலை நோக்கி ஒருமுறையும் அவர் கண் செல்லவில்லை. சில்லறை கொடுப்பதும், பார்ப்பதும், தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும், மீண்டும் பார்ப்பதுமாக இருந்தார். கண்ணாடி அமரும் இடத்தில், மூக்கின் இருமருங்கிலும், எள்ளைத் தூவியதுபோல் இரண்டு வரிசைக் கரும்புள்ளிகள் அவருக்கு உண்டு.

பதினொன்றேகாலுக்கு அவர் எழுந்தார். டயப்பர் மூட்டை கிடந்த பக்கம் செல்வார் என்றே மூக்கக்கா எண்ணி, இன்னும் வேகமாக அடுக்கினார். முதலாளியோ கல்லாவைப் பூட்டி, பலகையைத் தூக்கி, அறுபத்திரண்டு வயதில் முதன்முறையாகத் தம் கடையில் தாமே ஒரு வாடிக்கையாளராக வெளியே வந்தார். தொண்டையைச் செருமினார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ கேட்கப் போகிறவர்போல் அலமாரியை நோக்கி நேரே நடந்தார்.

அங்கே உருப்பெருக்கியை ஒற்றைக் கண்ணில் இடுக்கியபடி ஒரு பெண்ணின் முகத்தில் ஆழ்ந்திருந்த மூக்கக்கா, தலையைத் திருப்பாமலே, தம் இடக்கையை மட்டும் உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். பிறகு அதே கையின் ஒரு விரலால், ஐந்து பேர் நிற்கும் வரிசையின் கடைசியைச் சுட்டினார். முதலாளி அங்கே சென்று, ஆறாமவராக, அமைதியாக நின்றார்.

மூக்கக்காவின் மனை நீடு வாழ்க. அம்மனையில் உண்பார்க்கும் உழைத்து வருவார்க்கும் கற்பார்க்கும் இறைவன் குறைவிலா நலம் அருள்க.